குதியா இடைவிட்ட கடும்பயிற்சி: சொல் விளக்கம்

கொஞ்ச நேரம் மூச்சு வாங்க உழைத்து, கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி உழைப்பதுதான் ‘ஹிட்’ (HIIT) பயிற்சி. அதைக் குதிக்காமல் செய்வதைச் சேலத்து ஜிம்களில் ‘லோ இம்பாக்ட் ஹிட்’ என்று வாயால் சொல்லிவிடுகிறோம். அதையே தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘குறைந்த தாக்க உயர் தீவிர இடைவெளிப் பயிற்சி’ என்று வருகிறது. சொல்லுக்குச் சொல் பொருந்தினாலும் கருத்து தடம் மாறிவிடுகிறது. வெயிலின் தாக்கம், வரி உயர்வின் தாக்கம் என்கிறோம். இன்றைய தமிழில் தாக்கம் என்றால் விளைவு. அப்படியானால் குறைந்த தாக்கப் பயிற்சி என்பது பலன் குறைந்த பயிற்சி ஆகிவிடாதா? தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால் பிடித்துக்கொண்டவருக்கு இந்தப் பயிற்சிதான் தேவை. பெயரைக் கேட்டே அவர் ஒதுங்கிவிடக் கூடாது.

‘இம்பாக்ட்’ லத்தீன் வேர். மோதுதல், முட்டுதல் என்பது பொருள். உடற்பயிற்சியில் அது பாதம் தரையில் மோதுவதை மட்டுமே குறிக்கும். ஓடும்போது ஒவ்வொரு மிதிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலுக்குத் திரும்பி வருகிறது. நடையில் அது ஒன்றிலிருந்து ஒன்றரை மடங்குதான். எனவே ‘லோ இம்பாக்ட்’ என்பதற்கு விதி எளிது: இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழக் கூடாது. இதைச் சொல்லத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது. ‘குதி’ என்றால் குதிகால். குதி என்றால் தாவு. இரண்டும் ஒரே ஒலியில் நிற்கின்றன. ‘குதியா’ என்றால் வேலை முடிந்தது.

‘இன்டர்வல்’ என்பதற்கு லத்தீனில் இரண்டு மதில்களுக்கு நடுவே உள்ள இடம் என்று பொருள். தியேட்டரில் அதை இடைவேளை ஆக்கிக்கொண்டோம். 1930-களில் ஜெர்மனியில் வால்டமார் கெர்ஷ்லர் ஓட்டக்காரர்களுக்கு இந்த முறையை வகுத்தபோது, நாடித்துடிப்பு 180 வரை ஏறும்படி ஓடவிட்டு, 120-க்கு இறங்கும்வரை இளைப்பாற வைத்தார். இதயம் வலுப்பெறுவது அந்த இளைப்பாறலில்தான் என்பது அவர் கொள்கை. ஆகவே இன்டர்வல் என்பது ஓட்டம் அல்ல, ஓய்வு. ‘இடைவிடாது’ என்று நாள்தோறும் சொல்கிறோமே, அதன் எதிர்ப்பக்கமான ‘இடைவிட்ட’ என்பது இங்கே கச்சிதமாகப் பொருந்தும். ‘இடைவெளி’யை விட இதுவே மேல் என்பது எங்கள் முடிவு.

மீதி ‘கடும்’. கடுமை இருக்க வேண்டியது மூச்சில், மூட்டில் அல்ல. ஜப்பானின் இசுமி தபாட்டா 1996-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் 20 விநாடி உழைப்பு, 10 விநாடி ஓய்வு என்று ஏழெட்டுச் சுற்று செய்தவர்கள் நிலைச் சைக்கிளில்தான் மிதித்தார்கள். ஒருவரும் குதிக்கவில்லை.

குதிப்பை எடுத்துவிட்டால் மூச்சு வாங்க வைப்பது எது? எடை, அதுவும் காலும் கையும் சேர்ந்து உழைக்கும்படி. டம்பெல்லைத் தோளில் வைத்துக் குந்தி எழுந்து தலைக்கு மேல் தூக்குவது, ஒரு காலைப் பின்னே வைத்து இறங்கும் லஞ்ச், இடுப்பை மடித்துக் குனிந்து எடையை விலாவுக்கு இழுப்பது, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல்லை ஊசலாட்டும் ஸ்விங். ஒவ்வொன்றும் 30 விநாடி, நடுவே 30 விநாடி ஓய்வு. நான்கையும் நான்கு சுற்று செய்தால் 16 நிமிடம். முன்னால் ஐந்து நிமிடம் உடம்பைச் சூடேற்றுவது கட்டாயம். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவே ஒரு நாளாவது விட்டு.

எடையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தூக்கும் விதம் கெடாமல் 15 முறை தூக்க முடிகிற எடையே சரி. அதற்கு மேல் போனால் மூச்சு வாங்கும் முன்பே கை சோர்ந்துவிடும். மிகக் குறைவாக எடுத்தால் வேகத்தைக் கூட்டி வீசத் தொடங்குவோம். தோளும் இடுப்பும் மாட்டிக்கொள்ளும். டம்பெல் இல்லாவிட்டால் இரண்டு லிட்டர் பாட்டிலில் காய்ந்த மணலை நிரப்புங்கள். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். 30 விநாடி முடியும்போது இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியக் கூடாது. தாராளமாகப் பேச முடிந்தால் அது கடும்பயிற்சி அல்ல.

ஸ்விங்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பாதம் இரண்டும் தரையில் அழுந்தி நிற்க, இடுப்பு பின்னே போகிறது, முழங்கால் லேசாக மட்டும் மடிகிறது, எடை தொடைகளுக்கு நடுவே போகிறது. பிட்டத்தை இறுக்கி நிமிர்ந்தால் எடை தானாக மார்பளவு எழும். கை வெறும் கயிறு. கையால் தூக்கினாலோ குந்தி எழுந்தாலோ மறுநாள் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். எடை எழும்போது மூச்சை விடுங்கள். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஜிம்மே தேவையில்லை. முதுகுப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் மூன்று வையுங்கள்; மொத்தம் ஆறு கிலோ. சேர்வராயன் கோவில் பக்கம் போகும் ஏற்றத்தில் ஒரு நிமிடம் விறுவிறு நடை, இரண்டு நிமிடம் மெதுநடை. ஏற்றத்தில் பாதம் மோதுவது குறைவு. தொடையும் நுரையீரலும்தான் உழைக்கின்றன. இறக்கம் அப்படியல்ல. ஒவ்வொரு அடியிலும் முழங்கால் பிரேக் போடுகிறது. முதுகுச் சுமை முழுவதும் அதன் தலையில் விழும். மேலே போனதும் பாட்டில்களை ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் கவிழ்த்துவிட்டு, வெறும் பையோடு இறங்குங்கள்.