ஷார்ட் ஸ்டோரி – சிறுகதை

‘ஸ்டோரி’ என்ற சொல் லத்தீன் ‘ஹிஸ்டோரியா’வின் வழி வந்தது, ‘ஹிஸ்டரி’க்கும் அதுவே தாய். நம் ‘கதை’ வடமொழி ‘கதா’விலிருந்து வந்தது.

சிறுகதை வடிவத்துக்கு வயது அதிகம், பெயருக்குக் குறைவு. அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1819–20இல் எழுதியவற்றை ‘ஸ்கெட்ச்’ என்றார். ரிப் வான் விங்கிள் கதை அவற்றில் ஒன்று. ஓவியரின் சொல் அது. புனைபெயரைக்கூட ஜெஃப்ரி கிரேயான் என்றுதான் வைத்துக்கொண்டார்! தமிழில் ‘நடைச்சித்திரம்’ இதற்குப் பொருந்தும். அவருக்குப் பின் வந்த அமெரிக்க எழுத்தாளர்கள் நத்தானியல் ஹாதார்னும் எட்கர் ஆலன் போவும் வழங்கியது ‘டேல்’. அதற்கு வெறும் ‘கதை’ போதும்.

1842இல் ஹாதார்னின் தொகுப்புக்கு மதிப்புரை எழுதும் சாக்கில் எட்கர் ஆலன் போ இலக்கணமே வகுத்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில் படித்து முடிக்க வேண்டும். அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை போகலாம். எழுதத் தொடங்கும் முன்பே தீர்மானித்த ஒரே விளைவை நோக்கி ஒவ்வொரு சொல்லும் நகர வேண்டும்.

அமெரிக்காவில் சிறுகதை வளர்ந்ததில் பிழைப்பும் கலந்திருந்தது. வெளிநாட்டு நூல்களுக்கு அமெரிக்கா 1891 வரை காப்புரிமை தரவில்லை. ஆங்கிலேயர் நாவலை இலவசமாக அச்சடித்து விற்க முடிந்த பதிப்பாளர், உள்ளூர் நாவலாசிரியருக்கு எதற்குக் காசு கொடுக்கிறார்? எழுதுகிறவர்களுக்குப் பத்திரிகைகளே கதி. பத்திரிகையில் கிடைத்த இடமே கதையின் அளவையும் தீர்மானித்தது.

‘ஷார்ட் ஸ்டோரி’ என்ற பெயரை நிலைநாட்டப் பாடுபட்டவர் அமெரிக்க விமர்சகர் பிராண்டர் மேத்யூஸ். 1885 கட்டுரையில் ‘ஷார்ட்-ஸ்டோரி’ என்று நடுவில் கோடு போட்டு எழுதினார். நீளம் குறைந்த கதை எல்லாம் இந்த வகையில் சேராது என்பது அவர் வாதம். கோடு பிறகு உதிர்ந்துபோனது. தமிழில் அந்தச் சிக்கலே இல்லை: ‘சிறிய கதை’ என்றால் அளவு, ‘சிறுகதை’ என்றால் வடிவம். ஆகவே பிரித்து எழுதாதீர்கள்.

பின்னால் வந்தவர்கள் போவின் இலக்கணத்தைத் தளர்த்தினார்கள். ஓ. ஹென்றி கடைசி வரித் திருப்பத்தில் முழு பலத்தையும் வைத்தார். ஷெர்வுட் ஆண்டர்சன் 1919இல் திருப்பத்தையே கைவிட்டு, ஓஹையோவின் சிற்றூர் மனிதர்களுடைய மனப்புழுக்கத்தை எழுதினார். ஹெமிங்வே முக்கியமானதைச் சொல்லாமல் விட்டார். பெயர் மட்டும் மாறவில்லை.

சிறுகதையைவிட நீண்ட ‘நாவெல்லா’வைக் குறுநாவல் எனலாம். மிகச் சிறிய கதைகளைக் குறிக்க, 1992இல் வந்த ஒரு தொகுப்பால் பரவிய ‘ஃப்ளாஷ் ஃபிக்‌ஷன்’ என்பதை மின்னல் கதை என்று மொழிபெயர்ப்பதைவிட, ஏற்கெனவே புழங்கும் ‘குறுங்கதை’ நல்லது. வார இதழ்களின் ‘ஒரு பக்கக் கதை’ பக்க அளவைச் சொல்லும் பெயர். இரண்டையும் குழப்ப வேண்டாம்.