சிரிப்புக்கும் ஒரு மைக்

பிரிட்டனின் நகைச்சுவைப் பாடல் இரட்டையரில் மைக்கேல் ஃபிளாண்டர்ஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து பேசுவார், பாடுவார். டொனால்ட் ஸ்வான் பியானோவில் இருப்பார். லண்டன் ஃபார்ச்சூன் தியேட்டரில் 1957இல் இவர்கள் நடத்திய 'அட் த டிராப் ஆஃப் எ ஹாட்' நிகழ்ச்சியை ஜார்ஜ் மார்ட்டின் பார்லஃபோன் நிறுவனத்தின் இசைத்தட்டாகத் தயாரித்தார். பின்னாளில் பீட்டில்ஸ் பாடல்களைத் தயாரித்தவரும் அவரே. இருவரும் இடம் மாறாமல் அமர்ந்திருப்பது பதிவாளருக்குப் பெரிய வசதி: மைக்கை ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் போதும்.

இத்தகைய பதிவில் கஷ்டம் கொடுப்பது பாட்டல்ல, சிரிப்புதான். மேடை மைக்கில் அது தூரத்து இரைச்சலாகத்தான் விழும். ஆகவே அரங்கை நோக்கித் தனி மைக்குகள் வேண்டும். ஆனால் அவற்றிலும் மேடைக் குரல் நுழையும், அதுவும் தாமதமாக. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளியுள்ள மைக்கை எட்ட ஏறக்குறைய 29 மில்லிநொடி ஆகும். இரண்டையும் அப்படியே கலந்தால் சொற்களின் முனை மழுங்கும். தாமதம் சில மில்லிநொடிகளே என்றால், சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்து, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். இன்று கணினியில் அரங்கத் தடத்தை 29 மில்லிநொடி முன்னே நகர்த்திவிடலாம். பேச்சின்போது அரங்க மைக்கைத் தாழ்த்தி, சிரிப்பு எழும்போது கையால் உயர்த்துவது இன்னும் நல்லது. இதைத் தானியங்கி கம்பிரஸரிடம் (உரத்த ஒலியைத் தானே அடக்கும் கருவி) விட்டால், பெருஞ்சிரிப்பு அடங்கியதும் ஏசி இரைச்சல் மேலெழும்பி வரும்.

வெட்டுவது அடுத்த வேலை. அன்று பதிவுக்குப் பயன்பட்ட, நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும் ஒலிநாடாவில் கால் நொடி மூச்சு என்பது ஒன்பதரை சென்டிமீட்டர். பிளேடால் சாய்வாக வெட்டினால் ஒட்டு காதில் படாது. சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போது வெட்டக் கூடாது. பாதி இறங்கியபின், அதே அளவுக்கு இறங்கிய இன்னொரு இடத்தோடு இணைக்க வேண்டும். பியானோவின் பெடல் அதிர்வு பேச்சுக்கு அடியில் நீண்டுகொண்டிருந்தால் அங்கே கத்தியே வைக்க முடியாது. இரண்டு இரவுகளின் பதிவுகளை ஒட்டும்போது பியானோவின் சுருதி சற்று விலகியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்பி தட்டின் ஒரு பக்கம் வசதியாகத் தாங்குவது 20 நிமிடத்துக்குச் சற்று மேல். அதைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்க வேண்டும், ஒலியளவும் குறையும். எதைக் குறைப்பது என்று வந்தால் எல்லோருடைய கையும் முதலில் இடைப்பேச்சின் மேல்தான் போகும். ஆனால் முன்பக்கத்தில் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரியை நம்பி இரண்டாம் பக்கத்தில் ஒரு நகைச்சுவை காத்திருக்கக்கூடும். வரி போய்விட்டால், வீட்டில் கேட்பவருக்கு அரங்கம் எதற்குச் சிரிக்கிறது என்றே புரியாது.