சர்வருக்கு ஏற்ற அச்சுப்பொறி டிரைவரை அடையாளம் காண்பது எப்படி?

தைப்பூசக் காவடி நெருங்கும் வாரங்களில் மொரீசியஸின் கோவில் அலுவலகங்களில் அச்சுப்பொறிக்கு ஓய்வு கிடைப்பதில்லை. உபய நாட்களின் பட்டியல், நன்கொடை ரசீது, பிரெஞ்சும் ஆங்கிலமும் தமிழும் கலந்த அறிவிப்பு என்று தாள்கள் வந்துகொண்டே இருக்கும். ரோஸ்ஹில்லில் இப்படியொரு அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு கணினிகளும், அவற்றின் அச்சு வேலைகளை ஏற்று அனுப்பும் ஒரு சர்வரும் உள்ள அந்த இடத்திற்குப் புதிதாக ஒரு லேசர் அச்சுப்பொறி வருகிறது. தயாரிப்பாளரின் டிரைவர் பதிவிறக்கப் பட்டியலில் விண்டோஸ் 7, 8, 10 ஆகியவற்றின் பெயர்கள் இருக்கின்றன. நம் சர்வரில் ஓடும் விண்டோஸ் சர்வர் 2019 இல்லை. பலர் இந்த இடத்திலேயே "இது சர்வரில் ஓடாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த முடிவு தவறு.

டிரைவரின் வேலை மொழிபெயர்ப்பு. நாம் அச்சிடக் கட்டளையிட்டதும், எந்த எழுத்து எங்கே, எந்தக் கோடு எவ்வளவு தடிமன் என்னும் விவரங்களைச் செயலி விண்டோஸின் வரைகலைப் பகுதியிடம் ஒப்படைக்கிறது. ஸ்பூலர் என்னும் சேவை அவற்றை வட்டில் வரிசையாகச் சேமிக்கிறது. டிரைவர் அந்த விவரங்களை அச்சுப்பொறிக்குப் புரியும் மொழியில் மாற்றித் தர, அது பெரும்பாலும் 9100 என்னும் எண்ணுள்ள போர்ட் (வலையமைப்பு வாயில்) வழியாக வலையமைப்பில் போய்ச் சேர்கிறது. ஆகவே டிரைவர் இரண்டு பக்கம் பொருந்த வேண்டும்: ஒரு பக்கம் இயங்குதளம், மறுபக்கம் அச்சுப்பொறியின் மொழி.

இயங்குதளத்தின் பக்கத்தில் விற்பனைப் பெயரை மறந்துவிட்டு உள்ளிருக்கும் பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 7-க்கும் சர்வர் 2008 ஆர்2-க்கும் எண் 6.1 தான். விண்டோஸ் 8-ம் சர்வர் 2012-ம் 6.2, விண்டோஸ் 8.1-ம் சர்வர் 2012 ஆர்2-ம் 6.3. சர்வர் 2016 முதல் எண் 10.0 ஆனது, சர்வர் 2019-இன் பில்ட் எண்ணான (பதிப்புக்குள் வரும் உருவாக்க எண்) 17763, விண்டோஸ் 10-இன் 1809 பதிப்புக்கும் உரியது. அச்சிடுவதைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே உடம்பு. அதனால் விண்டோஸ் 10-இன் 64 பிட் டிரைவர் சர்வர் 2019-இல் பொதுவாக ஏறிவிடும்.

விதிவிலக்கு எங்கே வரும் என்பதை டிரைவர் தொகுப்பிலுள்ள ஐஎன்எஃப் (.inf) கோப்பே சொல்லிவிடும். நோட்பேடில் திறந்தால் படிக்கக்கூடிய சாதாரண உரைக் கோப்பு அது. தயாரிப்பாளரின் பெயர் வரும் வரியில் 'என்டிஏஎம்டி64.6.1' (NTamd64.6.1) என்பது போன்ற குறியீடு இருக்கும். 64 பிட், பதிப்பு 6.1 அல்லது அதற்கு மேல் என்று அதற்குப் பொருள். அதன் பின்னால் இன்னும் ஓர் எண்ணையும் சேர்க்கலாம்: 1 என்றால் பணிநிலையக் கணினி மட்டும், 2 என்றால் டொமைன் கன்ட்ரோலர் (வலையமைப்பின் பயனர் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர்), 3 என்றால் மற்ற சர்வர். அங்கே 1 மட்டும் எழுதப்பட்டிருந்தால் தயாரிப்பாளர் வேண்டுமென்றே சர்வரை விலக்கியிருக்கிறார். அந்த எண்ணைக் கையால் மாற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும்; மாற்றினால் தொகுப்பின் டிஜிட்டல் கையொப்பம் (அதை யாரும் திருத்தவில்லை என்பதற்கான சான்று) முறிந்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சர்வர் 2008 ஆர்2 முதல் 32 பிட் பதிப்பே கிடையாது. அலுவலகத்தில் பழைய 32 பிட் கணினி ஒன்று மிஞ்சியிருந்தால், அதற்கான டிரைவரையும் அதே பெயரில் சர்வரில் கூடுதலாக ஏற்றி வைக்க வேண்டும். சர்வர் டிரைவரில் எச்சரிக்கை தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் என்டி 4.0 காலத்து டிரைவர்கள் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடியதால், ஒரு டிரைவர் தடுமாறினால் முழு இயந்திரமும் நின்றுபோகும். பிறகு அவை கெர்னலுக்கு வெளியே வந்தன. ஆனாலும் ஸ்பூலர் விழுந்தால் ஒரு கணினி அல்ல, எல்லாக் கணினிகளின் அச்சும் நின்றுவிடும். சர்வர் 2008 ஆர்2 முதல் டிரைவரைத் தனிச் செயல்முறையில் பிரித்து ஓட்டும் வசதி வந்தது இதற்காகத்தான்.

இனி அச்சுப்பொறியின் பக்கம். அதன் விவரக்குறிப்பில் பிசிஎல் 5, பிசிஎல் 6, போஸ்ட்ஸ்கிரிப்ட் 3 ஆகிய அச்சுப்பொறி மொழிகளில் ஏதேனும் ஒன்று இருந்தால் கவலை குறைவு. அந்த மாடலுக்கென்று டிரைவர் கிடைக்காவிட்டாலும், பல மாடல்களுக்கும் பொதுவான, அந்த மொழிக்கான யுனிவர்சல் டிரைவர் பெரும்பாலும் கைகொடுக்கும். மொழி எதுவும் குறிப்பிடப்படாமல் 'ஹோஸ்ட் பேஸ்டு' அல்லது 'ஜிடிஐ' என்று மட்டும் இருந்தால், பக்கத்தை வரையும் வேலை முழுவதையும் கணினியே செய்ய வேண்டும். தயாரிப்பாளரின் சொந்த டிரைவர் இல்லாமல் அந்த இயந்திரம் அசையாது. விலை மலிவு என்று சர்வருக்கு இதை வாங்குவது எனக்கு உடன்பாடில்லை.

தமிழ் அச்சிடுவோர் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொரீசியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. சாதாரண லேசர் அச்சுப்பொறியின் நினைவகத்தில் இருப்பதில்லை. அதில் நிலையாக இருப்பவை பெரும்பாலும் லத்தீன் எழுத்துருக்கள். 'கொ' என்னும் எழுத்தில் ஒற்றைக்கொம்பை முன்னும் காலைப் பின்னும் சேர்க்கும் வேலை கணினியிலேயே முடிந்துவிடும். டிரைவர் அந்த வடிவங்களை எழுத்துருவாகவோ படமாகவோ அச்சுப்பொறிக்கு இறக்கித் தருகிறது. திரையில் சரியாகத் தெரிந்த தமிழ் தாளில் மட்டும் கட்டங்களாக வந்தால், டிரைவர் அமைப்பில் ட்ரூடைப் என்னும் வகை எழுத்துருவை பிட்மேப்பாக (புள்ளிப் படமாக) அனுப்பும் தெரிவை முயன்று பார்க்கலாம். அல்லது பிசிஎல்லுக்குப் பதில் போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரைப் போட்டுப் பார்க்கலாம்.

2021-இல் 'பிரிண்ட்நைட்மேர்' என்னும் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்ட பிறகு, சர்வரிலிருந்து டிரைவரை இழுத்து நிறுவுவதற்கு நிர்வாகி உரிமை தேவை என்று மைக்ரோசாஃப்ட் மாற்றியது. 2023-இல், பிற நிறுவனங்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாகவும் அறிவித்தது. வலையமைப்பு வழி அச்சிடுவதற்கான ஐபிபி நெறிமுறை தெரிந்த புதிய அச்சுப்பொறிகள் தம் திறன்களைத் தாமே சொல்லிவிடுவதால், அவற்றுக்கு ஒரே பொது டிரைவர் போதும். லினக்ஸ் சர்வரில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் (CUPS) மென்பொருளும் அதே வழியில்தான் போகிறது.

டிரைவர் சரியாக அமைந்த பிறகும் அச்சுப்பொறி விளக்கைச் சிமிட்டிக்கொண்டு தாள் கேட்டு நின்றால், தாள் அளவைப் பாருங்கள். அமெரிக்க ஆங்கில அமைப்பில் நிறுவிய சர்வர் 'லெட்டர்' அளவைக் கேட்கும். இங்கே தட்டில் இருப்பது ஏ4. 'பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்' பகுதியில் மாற்றினால் அது உங்கள் கணக்குக்கு மட்டுமே பொருந்தும். 'அட்வான்ஸ்டு' தாவலில் உள்ள 'பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்' பகுதியில் மாற்றுவதே எல்லோருக்கும் இயல்பு அளவாக அமையும்.