இரண்டாவது கோடையைத் தாண்டிய கன்றுகளை எண்ணுவோம்

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரிக் கிராமங்களில் ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்ததும் பழமரக் கன்றுகள் வந்து இறங்குகின்றன. அரசுத் துறைகள், தொண்டு நிறுவனங்கள், பள்ளிகள், ஊர்ப் பொதுக்காரியம் செய்யும் இளைஞர்கள் என்று கொடுப்பவர்களுக்குக் குறைவே இல்லை. கொடுத்த கன்றுகளின் எண்ணிக்கை பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அடுத்த ஆவணியில் அந்தக் கன்றுகள் என்னவாயின என்று பார்க்கத்தான் பெரும்பாலும் ஆள் வருவதில்லை. இந்த வறண்ட பகுதியில் தோட்டக்கலைப் பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் வலியுறுத்த விரும்புவது, இரண்டாவது கோடையைத் தாண்டி உயிரோடு நிற்கும் கன்றுகளை மட்டுமே நாம் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதுதான்.

இங்கே மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. அதன்பின் தை தொடங்கி ஆடி வரை, இடையில் வரும் ஒன்றிரண்டு கோடை மழையைத் தவிர, நிலம் காய்ந்தே கிடக்கும். பாலித்தீன் பையில் வளர்ந்த கன்றின் வேர் நடும்போது ஓர் அடி ஆழம்கூட இருப்பதில்லை. அந்த ஓர் அடி மண்ணில் மாசி மாதத்திலேயே ஈரம் இருக்காது. போதாததற்கு, பையில் நெடுநாள் இருந்த கன்றின் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டிருக்கும். சுருண்ட வேர் எளிதில் கீழே இறங்காது. ஆகவே கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து ஆசைப்படாமல், பைக்குள் குறைந்த காலம் இருந்த, தண்டு திரண்ட கன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இலந்தைக்கு இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. நட வேண்டிய குழியிலேயே நாட்டு இலந்தை விதையை ஊன்றி, ஆணிவேர் தங்குதடையின்றி இறங்கியபின், அங்கேயே நல்ல ரகத்தின் மொட்டு ஒன்றை அந்தச் செடியில் பொருத்தி ஒட்டுக்கட்டலாம். வரப்போரத்தில் தானாக முளைத்து நிற்கும் நாட்டு இலந்தையைக்கூட அடியில் வெட்டிவிட்டு, துளிர்த்து வரும் கிளையில் ஒட்டுக்கட்ட முடியும். ஆழ வேரூன்றிய மரம் ஏற்கெனவே நிற்பதால், அதற்கு முதல் கோடை என்ற கண்டமே இல்லை. செலவு மிகக் குறைந்த இந்த முறை ஏன் இன்னும் ஊர் ஊராகப் பரவவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் தரும் விஷயம்.

தண்ணீரைப் பற்றிப் பேசினால், "மழையே இல்லாத ஊரில் மரம் எப்படி வரும்?" என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். 6 மீட்டருக்கு 6 மீட்டர் இடைவெளியில் நட்ட மரத்துக்கு 36 சதுர மீட்டர் நிலம் இருக்கிறது. 20 மில்லிமீட்டர் பெய்யும் ஒரே மழையில் அந்த நிலத்தில் விழுவது 720 லிட்டர். நிலத்தைக் கன்றை நோக்கிச் சற்றே சரிவாகச் செதுக்கி, சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் ஒரு கரை போட்டுவிட்டால், அதில் மூன்றில் ஒரு பங்கு வேரடியில் நின்றாலும் 240 லிட்டர் கிடைக்கும். குழியை ஆவணி, புரட்டாசியிலேயே வெட்டி ஆறவிட்டு, மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழுவுரமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பி வைக்க வேண்டும். மக்காத சாணத்தைப் போட்டால் கரையான் ஏறும். ஈரம் குறைந்ததும் அது கன்றின் தண்டைத் தின்னத் தொடங்கும். மார்கழி முடிந்ததும் வேரடியில் சோளத்தட்டையோ காய்ந்த இலைச்சருகோ அரை அடி உயரத்துக்கு மூடாக்காகப் போட்டுவிட வேண்டும்.

அடுத்ததாக, வீட்டுத் தண்ணீர். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அரிசி களைந்தது, காய் அலசியது, பாத்திரம் கழுவியது என்று நாளுக்கு மூன்று குடம் தண்ணீராவது வீணாகத் தெருவில் ஓடுகிறது. அது ஒரு முருங்கைக்கும் ஓர் எலுமிச்சைக்கும் ஒரு கொய்யாவுக்கும் முறைவைத்து ஊற்றப் போதும். துணி துவைத்த சோப்புத் தண்ணீரை மட்டும் தனியாகப் பிரித்து, கல்வாழை, வாழை நிற்கும் பாத்திக்குத் திருப்ப வேண்டும். கீரைப் பாத்தியில் அதை விடக் கூடாது. தள்ளி நிற்கும் கன்றுகளுக்குப் பானைப் பாசனம் நல்லது. சுட்ட மண்பானை ஒன்றைக் கன்றிலிருந்து ஓர் அடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால், பானையின் சுவர் வழியே ஈரம் கசிந்து நேராக வேருக்குப் போகும். வெயிலில் ஆவியாகும் இழப்பு மிகக் குறைவு. ஒரு முறை நிரப்பினால் சில நாட்கள் தாங்கும்.

இந்த வேலைகளையெல்லாம் அன்றாடம் செய்யப்போவது வீட்டுப் பெண்கள். ஆனால் கன்று வழங்கும் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து, எந்தக் கன்று வேண்டும் என்று சொல்பவர்கள் ஆண்களாகவே இருக்கிறார்கள். விற்பனையை நினைத்து அவர்கள் நூறு கன்று கேட்பார்கள். "அக்கா, உங்களால் எத்தனை கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற முடியும்?" என்று அந்த வீட்டில் கேட்டால் "ஆறு" என்று பதில் வரும். அந்த ஆறுதான் சரியான எண்ணிக்கை. கொடுப்பவர்கள் இதை மதித்தாலே பாதி இழப்பு நின்றுவிடும் என்பது என் உறுதியான கருத்து.

எதை நடுவது என்பதை மண்தான் முடிவு செய்ய வேண்டும். உவர் ஏறிய நிலத்தில் மாவை நட்டு வருந்துவதைவிட, அதைத் தாங்கக்கூடிய நெல்லியும் இலந்தையும் நடுவது அறிவுடைமை. நெல்லியில் ஒரே ரகத்தை மட்டும் நட்டால் காய்ப்பு மிகவும் குறையும், என்.ஏ. 7, காஞ்சன், பவானிசாகர் 1 போன்றவற்றில் குறைந்தது இரண்டு ரகங்களைக் கலந்து நட வேண்டும். கல்லாங்குத்துச் செம்மண்ணுக்குச் சீத்தா ஏற்றது. கோடையில் இலையை உதிர்த்துவிட்டு வறட்சியைக் கடந்துவிடும். அறுவடைக்குப்பின் மாசி, பங்குனியில் இலந்தையைக் கட்டாயம் கவாத்து செய்ய, அதாவது கிளைகளை வெட்டிவிட வேண்டும், ஏனெனில் அது புதிய கிளைகளில்தான் காய்க்கும். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி அழித்தால் பழ ஈயும் குறையும். விளா, நாவல், கொடுக்காப்புளி ஆகியவற்றைக் கன்று வழங்கும் இடங்களில் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. ஆனால் நாவல் ஆனியிலும், சீத்தா ஆவணி, புரட்டாசியிலும், இலந்தை தை, மாசியிலும், கொடுக்காப்புளி பங்குனி, சித்திரையிலும் பழம் தருவதால், இந்த மரங்கள் கலந்து நிற்கும் ஊரில் பிள்ளைகளுக்கு ஆண்டின் பெரும்பகுதி ஏதேனும் ஒரு பழம் கைக்கெட்டும்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சந்தைக்கு வாரம் ஒரு முறை மட்டும் போகும் கூலிக் குடும்பத்துக்கு அது எட்டாத அளவு. முருங்கைக்கீரை, அகத்தி, கறிவேப்பிலை, பப்பாளி ஆகியவற்றோடு, கூரைமேல் ஏறும் சுரை, பீர்க்கு, அவரையும் இருந்தால் இரண்டு சென்ட் கொல்லையே அந்த இடைவெளியில் கணிசமான பங்கை நிரப்பும். கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்க வைட்டமின் சி உதவும். அதனால்தான் முருங்கைக்குப் பக்கத்தில் ஒரு நெல்லியோ எலுமிச்சையோ இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

தண்ணீருக்கு அடுத்த பெரிய ஆபத்து ஆடு. அறுவடை முடிந்ததும் ஆடுகளை அவிழ்த்துவிடுவது இங்கே வழக்கம். அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களைக் குறை சொல்ல முடியாது. சீமைக் கருவேல முள்ளை வெட்டி அடைத்தால் முதல் ஆண்டைக் கடத்திவிடலாம். அதற்குள் கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைத் துண்டுகளை) நெருக்கமாக ஊன்றி, இடையிடையே ஆடு கடிக்காத ஆடாதொடையையும் நொச்சியையும் வைத்தால், நாளடைவில் உயிர்வேலி நிலைத்துவிடும். மேய்ச்சலுக்கு எந்தப் பக்கம் விடுவது என்பதைக் கன்று நடுவதற்கு முன்பே கிராமசபையில் பேசி முடித்துவிட வேண்டும்.

திட்டம் தீட்டுவோருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கன்றுக்கு ஒதுக்கும் தொகை முழுவதையும் நடும் நாளிலேயே செலவழித்துவிடாதீர்கள். ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, முதல் ஆவணியிலும் இரண்டாம் ஆவணியிலும் நேரில் பார்த்து, நிற்கும் கன்றுக்கு இவ்வளவு என்று அதை வளர்த்த பெண்ணின் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். பார்க்கப் போகிறவர் ஒட்டுப்பகுதிக்குக் கீழே துளிர் வந்திருக்கிறதா என்று கவனித்து, இருந்தால் அங்கேயே கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் ஒட்டைத் தாங்கும் அடிக்கன்றின் துளிர் மேலோங்கி, ஒட்டுக்கட்டிய நல்ல ரகம் பட்டுப்போகும்.