பூனையின் தோலில் தட்டுப்படும் கட்டியை வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள்

பூனையைத் தடவிக்கொடுக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டாலும், வலியில்லாமல் நன்றாகச் சாப்பிடுகிறதே என்று பலர் அதை மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். கால்நடை மருத்துவராக என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான். சண்டையில் கடிபட்டு வரும் சீழ்க்கட்டி சில நாட்களிலேயே வீங்கி, தொட்டாலே பூனை சீறும் அளவுக்கு வலிக்கும். சீழை வெளியேற்றி மருந்து கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். புற்றுநோய்க் கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. நாய்களோடு ஒப்பிட்டால், பூனைகளின் தோல் கட்டிகள் புற்றாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

கட்டி போலவே தோன்றாத ஒரு புற்றும் உண்டு. வெள்ளைப் பூனைகளின் காது நுனி, மூக்கு, இமை ஆகிய முடி குறைந்த இடங்களில் பல ஆண்டுகள் வெயில் படுவதால் வரும் செதிள் செல் புற்றுநோய், முதலில் லேசான சிவப்பாகவும் பொருக்காகவும்தான் தெரியும். பொருக்கு உதிரும், சிறிது ரத்தம் கசியும், மீண்டும் பொருக்குக் கட்டும். நாளடைவில் காதின் விளிம்பு அரித்ததுபோல் ஆகிவிடும். சண்டைக் காயம் என்றோ சொறி என்றோ எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டிருக்கும் காலத்தில் புற்று ஆழமாக இறங்குகிறது. காதில் வந்ததை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அந்தப் பகுதியை அறுவை செய்து நீக்கினால், பல பூனைகள் முழுமையாகக் குணமடைகின்றன.

தடுப்பூசி போட்ட இடத்தில் சிறு வீக்கம் வருவது இயல்பு. ஆனால் அது 3 மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஊசி போட்டு 1 மாதம் ஆன பிறகும் வளர்ந்துகொண்டே இருந்தாலோ திசுப் பரிசோதனை அவசியம். அந்த வீக்கம் புற்றாக மாறியிருக்கலாம். ஊசி போட்ட இடத்தில் வரும் இவ்வகைப் புற்று அரிதானது என்பதால், அதற்கு அஞ்சித் தடுப்பூசியைத் தவிர்ப்பது பெரிய ஆபத்தில் முடியும்.

கண்ணால் பார்த்தோ தொட்டுப் பார்த்தோ ஒரு கட்டியின் தன்மையை எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரும்பாலும் மயக்க மருந்தும் தேவைப்படாது. அதில் தெளிவு கிடைக்காவிட்டால் திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும். வெட்டி எடுத்த கட்டியையும், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். மனிதர்களின் மரு நீக்கும் மருந்தை ஒருபோதும் தடவாதீர்கள்; அதிலுள்ள சாலிசிலிக் அமிலத்தைப் பூனை நக்கி விழுங்கினால் நச்சாகிவிடும். மருத்துவரிடம் வரும்போது, கட்டியின் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படங்களைத் தேதியோடு கொண்டுவந்தால், அது வளரும் வேகத்தைக் கணிக்க உதவும்.