ஸ்வேடகோனுக்குப் பெரியவர்களை அழைத்துப் போகிறீர்களா? முதலில் பாதத்தைப் பாருங்கள்

ரங்கூனில் நம்மவர் வீடுகளில் பெரியவர்களைக் குன்றின் மேலிருக்கும் புத்தர் கோயிலான ஸ்வேடகோன் பகோடாவுக்கு அழைத்துப் போக நாள் பார்த்தால், என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "படி ஏறலாமா?" முழங்கால் வலிக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் என்பதால் அப்படிக் கேட்கிறார்கள். படிக்கு வழி இருக்கிறது. தெற்கு, வடக்கு, கிழக்கு வாசல்களில் லிஃப்ட் உண்டு, மேற்கில் எஸ்கலேட்டர். (வெறுங்காலும் தரையைத் தொடும் சேலையுமாக எஸ்கலேட்டரில் ஏறுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கரண்ட் போகிற ஊர் இது, லிஃப்ட் ஓடுகிறதா என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.)

எனக்குப் பயம் பாதத்தைப் பற்றித்தான்.

செருப்பு, சாக்ஸ் இரண்டையும் கீழேயே கழற்றியாக வேண்டும். மேலே தளமெல்லாம் சலவைக்கல். ஏப்ரல் மத்தியான வெயிலில் அதில் கால் வைத்தால் இளசுகளே துள்ளி ஓடும். பல வருடமாகச் சர்க்கரை இருந்து கால் நரம்பு மரத்துப்போனவர் துள்ளமாட்டார், நிதானமாக நடப்பார். "சூடே தெரியலையே தம்பி" என்று சொன்ன ஓர் அம்மாவின் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தைப் பார்த்திருக்கிறேன்.

போவதற்குச் சில நாள் முன்பு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி, இரு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தடவவோ கூடாது. தொடும்போது "தெரியுது" என்று சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு தப்பினாலே உணர்ச்சி குறைந்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். இப்ஸ்விச் தொடு சோதனை என்பது இதுதான். தப்பினால் போகவே கூடாது என்றில்லை, வெயில் ஏறும் முன் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழை மாதங்களில் சலவைக்கல் வழுக்கும். சாயங்கால விளக்கொளியில் பகோடா அழகுதான், ஆனால் பகலெல்லாம் குடித்த சூட்டைக் கல் உடனே விடாது. என் ஓட்டு விடிகாலைக்கு. வெறும் வயிற்றில் சாமி கும்பிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. இன்சுலின் போடுகிறவர்களுக்கு அது ஆகாது, சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள்.

அடுத்தது, எந்த வாசல்? இதைப் பலரும் யோசிப்பதில்லை. எட்டுத் திசையிலும் பிறந்த கிழமைக்கு ஒரு புத்தர் சிலை உண்டு, அவரவர் தம் கிழமைச் சிலைக்குப் போய்க் கும்பிடுவார்கள். கிழக்கே திங்கள், தென்கிழக்கே செவ்வாய், தெற்கே புதன் முற்பகல், தென்மேற்கே சனி, மேற்கே வியாழன், வடமேற்கே புதன் பிற்பகல் (நம்ம ராகுதான்), வடக்கே வெள்ளி, வடகிழக்கே ஞாயிறு. வலமாகத்தான் சுற்றுவார்கள். பகோடா அடிவாரச் சுற்றளவே 400 மீட்டருக்கு மேல். செவ்வாய்க்கிழமை பிறந்த தாத்தாவைத் தெற்கு லிஃப்டில் ஏற்றினால் ஏறக்குறைய முழுச் சுற்று நடந்துதான் தன் இடத்துக்கு வருவார். கிழக்கே ஏறினால் சில நிமிட நடை. சனிக்காரருக்குத் தெற்கு, ஞாயிறுக்கு வடக்கு. நம் பெரியவர்களுக்கு நட்சத்திரம் நினைவிருக்கும், கிழமை மறந்திருக்கும். பிறந்த தேதி தெரிந்தால் ஃபோன் காலண்டரே சொல்லிவிடும்.

அங்கே போனதும் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு புத்தர் சிலை மேல் ஊற்றுவார்கள். வயதுக்கு ஒன்று கூட்டி ஊற்றுவது பலரின் வழக்கம். எண்பது வயதுக்காரர் எண்பத்தொரு தரம் குனிந்து நிமிர்ந்தால், அதுவும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், தலை சுற்றாமல் என்ன செய்யும்? காலடியிலோ ஈரம். பேரப்பிள்ளை மொண்டு கொடுக்கட்டும், பெரியவர் நின்றபடி ஊற்றட்டும். எண்ணிக்கையைக் குறைத்தால் புத்தர் கோபிக்கமாட்டார். கைத்தடியின் ரப்பர் முனை தேய்ந்திருந்தால் முந்தின நாளே மாற்றிவிடுங்கள். கும்பிட உட்கார்வது சுலபம், எழுவதுதான் கஷ்டம். தூண் ஓரமாக உட்கார வையுங்கள். எழும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்பட்டை போய்விடும். இடுப்பில் அணைத்துத் தூக்குங்கள்.

வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் நீங்களே வெளிச்சத்தில் பாருங்கள், "ஒண்ணுமில்லை" என்று அவர்கள் சொன்னாலும். சிவந்திருந்தால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம். கொப்புளம் வந்திருந்தால் குத்தாதீர்கள். சர்க்கரை உள்ளவர் என்றால் வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.