எகிப்திய நாற்காலியைத் திருப்பிப் பாருங்கள்

‘எகிப்திய ஸ்டைல்’ கேட்டு வருபவர்கள் போனில் காட்டும் படங்களில் பெரும்பாலும் தங்க பெயின்ட், சிங்கக் கால், ஒரு பாரோ (எகிப்திய மன்னர்) முகம். கவிழ்த்துப் பார்த்தால் எம்.டி.எஃப். பலகையும் (மர நாரை அழுத்திச் செய்தது) ஸ்க்ரூவும். மரச்சாமான் வடிவமைக்கும் எனக்கு இதில்தான் வருத்தம். பழைய எகிப்தியத் தச்சர்களின் கெட்டிக்காரத்தனம் பூச்சுக்கு அடியில் இருந்தது. (மலிவு மரத்தைக் கருங்காலி போலத் தீட்டும் வேலை அவர்களிடமும் உண்டு, ஆனால் மரத்தோடு மரம் சேரும் மூட்டில் ஏமாற்றவில்லை.)

எகிப்தில் நல்ல மரம் அரிது. உள்ளூர் வேலமும் அத்தியும் பெரும்பாலும் குட்டை, கோணல். நீளமான தேவதாரு லெபனானிலிருந்து வந்தாக வேண்டும். அதனால் துண்டுகளைச் சேர்ப்பதில் கை தேர்ந்தார்கள். சக்காராவில் ஜோசர் மன்னரின் படிப் பிரமிடில் கிடைத்த சவப்பெட்டித் துண்டு ஆறு அடுக்கு மரம். அடுக்குக்கு அடுக்கு மர ரேகையின் (நாரோட்டத்தின்) திசை மாறுகிறது. மர ஆணிகள் இறுக்கிப் பிடிக்கின்றன. நம் பிளைவுட்டின் சூட்சுமம்தான், சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன்பே!

நாற்காலியில் எனக்குப் பிடித்தது முதுகுப் பகுதி. சாய்வுப் பலகைக்குப் பின்னால், இருக்கையிலிருந்து செங்குத்தாக எழும் தாங்கு கட்டைகள். பக்கவாட்டில் பார்த்தால் முக்கோணம். சாய்பவரின் எடை மூட்டை நெம்பாமல் கீழே இறங்கிவிடும். மூலைகளில் ‘எல்’ வடிவக் கட்டை. அதை இயற்கையாக வளைந்த கிளையிலிருந்தே வெட்டினார்கள். ரேகையும் வளைவோடு போவதால் சுலபத்தில் பிளக்காது. அப்புறம் அந்தச் சிங்கக் கால்கள்: முன்னால் முன்னங்கால், பின்னால் பின்னங்கால், நான்கும் ஒரே திசை. நகல்களில் பாதங்கள் மூலைக்கொரு பக்கம் பார்க்கும்.

இதைச் சரியாகப் படித்தவர்கள் டென்மார்க்காரர்கள். எகிப்திய மடக்கு ஸ்டூலை வைத்துக் கோர் க்ளின்ட் 1930-இல் செய்த ‘புரொப்பெல்லர்’ ஸ்டூலை மடக்கினால், கால்கள் ஒன்றோடொன்று பொருந்தி முழு உருளையாகிவிடும். அவரிடம் பயின்ற ஓலே வான்ஷரும் 1957-இல் தோல் இருக்கையோடு ஒரு மடக்கு ஸ்டூல் வடிவமைத்தார். இரண்டிலும் பாரோ முகம் இல்லை.

சரி, கடையில் என்ன பார்ப்பது? கவிழ்த்துப் பாருங்கள். கால் சட்டத்தின் துளைக்குள் இறங்கியிருக்கிறதா, வெளியிலிருந்து ஸ்க்ரூ மட்டும் பிடித்திருக்கிறதா? உட்கார்ந்து முதுகைப் பின்னால் அழுத்துங்கள், அசைந்தால் வேண்டாம். மடக்கு ஸ்டூல் என்றால் கால்கள் குறுக்கிடும் இடத்து அச்சாணியைப் பாருங்கள். அந்தக் காலத்திலேயே வெண்கலத்தில் போட்டார்கள். இன்று மெல்லிய தகர ரிவெட் போட்டிருந்தால் பேரம் பேசக்கூட நிற்காதீர்கள்.